ஆளு யாருடா?

அப்பா போய்விட்டார். 'பந்தலுக்குள்ள அவரு நிக்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லையே' என்று அம்மாவுக்குக் குறை. 'இதென்ன பிரமாதம்!' என்று ஏ.ஐ.யிடம் போனேன்.

'திராட்சைத் தோட்டத்தில் கம்பம் விவசாயி' என்று டைப் அடித்தேன். வந்தது, அசல் இத்தாலித் தோட்டம்! வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கொடி. நடுவில் தலைப்பாகையோடு யாரோ!

நம்ம பன்னீர் திராட்சை தலைக்கு மேலல்லவா காய்க்கும்? கல்தூண், கம்பிப் பந்தல், அண்ணாந்தால் கொத்துக் கொத்தாய்ப் பழம்... 2023-ல் புவிசார் குறியீடே வாங்கியாச்சு. மெஷினுக்குத் தெரியலையே!

வர்ணிப்பதை விட்டேன். எங்கள் பந்தலின் போட்டோவையே கொடுத்து, 'இடம் இதுதான்' என்றேன். அச்சு அசலாக வந்தது! மாதிரிப் படத்திலுள்ள கோடுகளையும் வடிவத்தையும் பிடித்துக்கொண்டு வரைய வைக்கும் 'கன்ட்ரோல்நெட்' என்ற முறையை, 2023-லேயே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். பக்கம் பக்கமாக எழுதுவதைவிட ஒரு போட்டோ மேல்!

அடுத்து, அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. 'சிரித்தபடி நிற்கணும்' என்றேன். சிரித்தார். அம்மாவிடம் ஓடினேன்.

"பந்தல் நம்மளுதுதான்... ஆளு யாருடா?"

"அப்பாதாம்மா!"

"அவருக்கு முன்பல்லுக்கு நடுவுல சந்து இருக்குமேடா..."

போட்டோவில் அப்பாவுக்கு வாய் மூடியிருந்தது. மாதிரியில் இல்லாததை மெஷின் தானாக நிரப்பிவிடும். விளம்பரப் பல்வரிசையை மாட்டிவிட்டது!

அப்பா சிரிக்கிற போட்டோவுக்காகச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்க வீட்டில் அப்பா இருக்கிறாரா? இன்னிக்கே ஒரு ஜோக் சொல்லி, சிரிக்கும்போது 'க்ளிக்' பண்ணிடுங்க சார்!