சந்தையில் 300 பேர், கையில் 16 மில்லிவிநாடி

மலையடிவாரத் துறைமுக ஊர் ஒன்றின் சந்தை. ஊரின் பெயர் வால்ட்ரெஸ்ட். முதுகில் வாளோடு கூட்டத்துக்குள் நடந்துவருகிறாள் சிரி. ஆப்பிள் சுமந்துவந்த ஒருவர் அவள்மேல் இடித்துக்கொள்ள, பழங்கள் உருண்டோடுகின்றன. எங்கிருந்தோ சிறுவர்கள் ஓடிவந்து பொறுக்குகிறார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் ஆர்லண்டோ நகரில், எபிக் கேம்ஸ் நடத்திய அன்ரியல் ஃபெஸ்ட் மேடையில் ‘தி விட்சர் 4’ வீடியோ கேமுக்காகக் காட்டப்பட்ட முன்னோட்டம் இது. அரக்கன், மாயம், வாள்வீச்சு எல்லாம் இந்த வகை விளையாட்டுகளில் வழக்கமாக வருபவைதான். நான் நின்று பார்த்தது அந்த ஆப்பிள்களைத்தான்.

போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் கதைகளை வைத்து, வார்சாவின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் தொடர் இது. 2015இல் வந்த மூன்றாம் பாகம் ஐந்து கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றது. அதில் நாயகன், அரக்க வேட்டைக்காரன் ஜெரால்ட். இப்போது அவனுடைய வளர்ப்பு மகள் சிரியின் முறை. கதை நடக்கும் இடங்களில் ஒன்று கோவிர் என்ற குளிர்ந்த வடநாடு; தொடரின் முந்தைய பாகங்கள் எதிலும் எட்டிப்பார்க்காத நிலம். 2027க்கு முன் விளையாட்டு வெளிவராது என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது.

முன்னோட்டம் ஓடியது சாதாரண பிளேஸ்டேஷன் 5இல், விநாடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தில். 60ஆல் ஒரு விநாடியை வகுத்தால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. அதற்குள் சந்தையில் நிற்கும் 300க்கும் மேற்பட்டவர்களில் யார் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்து, ஒவ்வொருவரின் எலும்புக்கூட்டையும் அசைத்து, துணியை மடித்து, ஒளிக்கதிர் எங்கே பட்டுத் தெறிக்கிறது என்று கணக்கிட்டு, திரையை நிரப்பியாக வேண்டும். தவறினால் படம் திக்கும். இந்த முன்னோட்டத்தில் காட்டிய புதுமைகளில் பலவும் வேலையை அந்த 16 மில்லிவிநாடிக்குள் அடக்கும் வித்தைகளே.

சிரியின் குதிரை கெல்பியை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது தோலுக்கடியில் தசைகள் புரள்வது தெரிகிறது. தசையை இயற்பியல் விதிப்படி கணக்கிடுவது அந்த நேரத்துக்குள் ஆகிற காரியமில்லை. அதனால் குதிரையின் பலவித நிலைகளுக்கும் தசை எப்படி நெளியும் என்பதை முன்கூட்டியே, நேரக்கெடு இல்லாமல், கணக்கிட்டுவிடுகிறார்கள். அந்த விடைகளை ஒரு சிறிய நரம்பியல் வலையமைப்புக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். விளையாடும்போது கால் இந்தக் கோணத்தில் இருந்தால் தோல் எப்படி இருக்கும் என்று அது ஊகித்துச் சொல்லிவிடும். பொதுத்தேர்வுக்கு வினாவங்கியை முழுசாகப் படித்துவிட்டுப் போகிற மாணவனின் உத்திதான். சிரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இயல்பாகச் சேணத்தில் ஏறுவது வேறொரு வழி: நடிகர்களிடமிருந்து பதிவுசெய்த அசைவுத் துணுக்குகளில், அந்தக் கணத்துக்கு மிக நெருக்கமானதைத் தேடி எடுத்து ஒட்டுகிறார்கள். இங்கே குதிரைக்கும் ஆளுக்கும் சேர்த்தே தேட வேண்டும்.

மரங்களுக்கு இன்னொரு தந்திரம். தூரத்து ஊசியிலை திரையில் ஒரு புள்ளியைவிடச் சிறியது. அதை முக்கோணங்களால் வரைவது வீண். முன்பெல்லாம் தொலைவிலுள்ள மரத்துக்குப் பதிலாக ஒரு தட்டையான படத்தை நிறுத்துவார்கள். அருகே போகும்போது அது சட்டென்று மரமாக மாறுவதைப் பார்த்து எரிச்சலடையாத ஆட்டக்காரர் இருக்க மாட்டார். இப்போது விலக விலக இலைகள் நுண்ணிய கனசதுரங்களாகத் திரள்கின்றன. மாறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆப்பிளுக்கு வருவோம். குதிரையும் மரமும் வரைகலையின் பாடு. ஆப்பிள் பொறுக்கும் சிறுவர்கள் நடத்தையின் பாடு, அது பொல்லாதது. 2005இல் பெதெஸ்டா நிறுவனம் ‘ஆப்லிவியன்’ விளையாட்டின் முன்னோட்டத்தைக் காட்டியபோது, ஊர்மக்கள் சொந்தத் தேவைப்படி வாழ்வார்கள் என்றது. புத்தகக் கடைக்காரப் பெண் தன் நாயின் தொல்லை தாங்காமல் அதன்மேல் மந்திரம் ஏவினாள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதை உருவாக்கியவர்களே சொன்ன கதை ஒன்று உண்டு. ஒருவனுக்குப் பாதையைப் பெருக்கும் வேலை, இன்னொருவனுக்குச் சருகு வாரும் வேலை. சோதனைக்காகக் கருவிகளை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இருவரில் ஒருவன் மற்றவனைக் கொன்று தனக்கு வேண்டிய கருவியை எடுத்துக்கொண்டான்! விதிப்படி அதில் பிழையே இல்லை. 2006இல் விளையாட்டு வெளிவந்தபோது ஊர்மக்கள் நேரத்துக்கு உண்டு உறங்கினார்கள். சுதந்திரமோ வெகுவாக அடக்கப்பட்டிருந்தது.

ஆகவே முன்னோட்டத்தில் ஒருமுறை நடப்பதை வைத்து மயங்குவதற்கில்லை. அதே சந்தையில் நாற்பதாவது முறை இடித்தால் என்ன ஆகும்? ஆப்பிள்காரர் திட்டுவாரா, அதே சிறுவர்கள் அதே வரிசையில் ஓடிவருவார்களா? இதுவே இந்த விளையாட்டின் தரத்தைச் சொல்லும். ஆர்லண்டோவில் காட்டியது தொழில்நுட்பச் செயல்விளக்கம், விளையாட்டின் பகுதி அல்ல என்று சிடி புராஜெக்ட் ரெட்டும் தெளிவாகவே சொன்னது. அதற்குக் காரணம் இருக்கிறது. இவர்களுடைய ‘சைபர்பங்க் 2077’க்கு 2018இல் 48 நிமிட முன்னோட்டம் வந்து உலகமே கொண்டாடியது. 2020 டிசம்பரில் வெளிவந்ததும் பழைய கன்சோல்களில் அது திணறிய திணறலில், சில நாட்களிலேயே சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கியது. அது கடைக்குத் திரும்ப அரை ஆண்டு ஆயிற்று.

இந்த முறை வேலையின் திசையை மாற்றியிருக்கிறார்கள். முன்பு கணினிக்குப் பிரமாதமாகச் செய்துவிட்டுப் பிறகு கன்சோலுக்கு வெட்டிச் சுருக்குவார்கள். இப்போது கன்சோலில் தொடங்கி மேலே போகிறார்கள். 10 ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் 60 படங்களை எட்டுவது மிகக் கடினம் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த முன்னோட்டத்தில் கன்ட்ரோலரை நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவரிடம் கொடுத்து, ஒரே பணியை இரண்டு முறை, இரண்டு விதமாக ஆடவிட்டால் இன்னும் பிடிக்கும்.