சஹர் நேரத்தில் உருகிய பிளக் பாக்ஸ்: ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையான மின்சாரக் கணக்கு

ரமளானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு. நமது பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த சகோதரர்கள் சஹருக்கு எழுந்தார்கள். தேநீருக்காக எலக்ட்ரிக் கெட்டிலையும், சால்னாவைச் சூடுபடுத்த இண்டக்‌ஷன் அடுப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினார்கள். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பார்த்தால் பாக்ஸ் உருகி, அருகில் கிடந்த பாயின் ஓரமும் கருகத் தொடங்கியிருந்தது. உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எம்சிபி ஏன் ட்ரிப் ஆகவில்லை?"

இதற்கான பதில் பள்ளிக்கூடத்தில் நாம் படித்து மறந்துபோன ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

மூன்று சொற்கள்

ஒளூச் செய்யும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளப்படும். மின்சாரத்தில் இந்தத் தள்ளும் வேகம்தான் மின்னழுத்தம்; அதை வோல்ட் கணக்கில் அளக்கிறோம். நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் ஓட்டம் குறையும் அல்லவா? அதுபோன்ற தடுப்புதான் மின்தடை. அதன் அளவு ஓம். இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் என்பவரின் பெயரே அது.

இரண்டு கணக்குகள்

முதலாவது: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்.

இரண்டாவது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன் கிடைக்கும். அதுதான் பொருட்களின் மீது அச்சிட்டிருக்கும் வாட். ஆகவே வாட்டை 230ஆல் வகுத்தால், அந்தப் பொருள் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது தெரிந்துவிடும்.

கெட்டிலின் அடியில் 1500 வாட் என்று இருந்தது. 1500ஐ 230ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். 230ஐ இந்த 6.5ஆல் வகுத்தால் அதன் சூடேற்றும் கம்பியின் மின்தடை சுமார் 35 ஓம். இந்த மின்தடைக் கணக்கு கெட்டில், அயன் பாக்ஸ், ஹீட்டர் போன்று கம்பி சூடாகி வேலை செய்யும் பொருட்களுக்கே நேராகப் பொருந்தும். மின்விசிறி, மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

அடுப்பு 2000 வாட். இரண்டும் சேர்ந்து 3500 வாட். 230ஆல் வகுத்தால் சுமார் 15.2 ஆம்பியர்!

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ 6 ஆம்பியருக்கு மட்டுமே செய்யப்பட்டது. ஆனால் சுவரில் இருந்த பிளக்கும் அதற்கான எம்சிபியும் 16 ஆம்பியர் கொண்டவை. 15.2 என்பது 16க்குள் அடங்கிவிட்டதால் எம்சிபி தன் வேலையைச் சரியாகவே செய்தது. சுவருக்குள் இருக்கும் வயரை அது காத்தது. வெளியே நாம் மாட்டிய மெல்லிய வயரின் தாங்கும் சக்தி அதற்குத் தெரியாது. அதைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சூடு எங்கிருந்து வந்தது?

மின்தடை உள்ள இடத்தில் மின்சாரம் ஓடினால் வெப்பம் உண்டாகும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதை மின்தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் எத்தனை வாட் வெப்பம் என்று தெரியும். பிளக் லூசாக இருந்து, தொடும் இடத்தில் அரை ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 ஆம்பியர் ஓடினால் 15 பெருக்கல் 15 பெருக்கல் அரை. சுமார் 112 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பின் சூடு முழுவதும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டால் என்னவாகும்? ஆம்பியர் இரு மடங்கானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கக் கூடாது.

மார்க்கம் காட்டும் எச்சரிக்கை

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு தீப்பற்றியது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி என்றும், உறங்கும்போது அதை அணைத்துவிடும்படியும் கூறினார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அன்று விளக்குத் திரியில் இருந்த நெருப்பு இன்று நம் வீட்டு வயர்களுக்குள் மறைந்திருக்கிறது. அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதென்றால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

வீட்டில் உள்ள பொருட்களின் வாட்டைப் பார்த்துக் குறித்து வையுங்கள். சிறிய 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1380 வாட் மட்டுமே. பவர் பிளக் எனப்படும் 16 ஆம்பியர் பிளக் தாங்குவது 3680 வாட். கெட்டில், ஹீட்டர், அடுப்பு போன்றவற்றைச் சுவரில் உள்ள பவர் பிளக்கில் ஒவ்வொன்றாகத் தனியே மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். தொட்டால் சூடாக இருக்கும் பிளக்கையும், கறுத்துப்போன பிளக்கையும் உடனே எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றுங்கள். எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்பதற்காகப் பெரிய எம்சிபி போடச் சொல்லாதீர்கள். அது காவலாளியைத் தூங்க வைப்பதற்குச் சமம்.

இந்தக் கணக்கை வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பாடமும் ஆகும். குடும்பத்துக்குப் பாதுகாப்பும் ஆகும்.

அல்லாஹ் நம் இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் நெருப்பின் தீங்கிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.