தண்டு இணைப்பிகளும் நேர்ப்பிசகும்: அரியலூர், பெரம்பலூர் ஆலைகளை முன்வைத்து

சுண்ணாம்புக்கல் வளத்தால் அரியலூர் சிமெண்ட் ஆலைகளின் நிலமாயிற்று. அங்குள்ள தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979இல் இயங்கத் தொடங்கியது. அண்டை மாவட்டமான பெரம்பலூரின் எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை உள்ளது. இவ்விருவகை ஆலைகளுக்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு: இயக்கும் தண்டும் இயங்கும் தண்டும் ஒரே நேர்கோட்டில் நில்லாமை. இதனை நேர்ப்பிசகு எனலாம். பணிமனை வழக்கில் ‘அலைன்மெண்ட்’ கோளாறு. இரு தண்டுகளையும் பிணைக்கும் உறுப்பாகிய இணைப்பி, அங்கே ‘கப்ளிங்’ எனப்படுகிறது.

தண்டுகளின் அச்சுகள் இணையாக விலகி நிற்கலாம். கோணமாகச் சாய்ந்தும் நிற்கலாம். நடைமுறையில் இரண்டும் கலந்தே வருகின்றன.

கரும்பு பிழியும் ஆலையில் நேர்ப்பிசகு பிழையன்று, இயல்பு. உள்ளே வரும் கரும்பின் அளவு கூடக்குறைய, நீரியல் அழுத்தத்தின் கீழுள்ள மேலுருளை ஏறி இறங்குகிறது. ஆகவே சதுரமுனையுடைய இடைத்தண்டைத் தளர்வான குழிகளில் பொருத்துவது பழைய முறை. அத்தளர்வு இயக்கத்திற்கு இடம் தரினும், உருளைத் தாங்கிகளின்மீது பக்கவிசையைச் சுமத்துகிறது.

சிமெண்ட் ஆலையில் வெப்பமே காரணம். சூளையின் வெப்பவளியை இழுக்கும் விசிறியின் தண்டு, தரைத்தளத் தகட்டிலிருந்து 500 மி.மீ. உயரத்தில் உள்ளதெனவும் அதன் எஃகுப் பீடம் 40 பாகை செல்சியஸ் சூடேறுவதாகவும் கொள்வோம். எஃகு ஒரு பாகைக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ 0.000012 பங்கு விரியும். எனவே தண்டு 0.24 மி.மீ. உயரும். மோட்டார் அவ்வளவு உயர்வதில்லை. குளிர்ந்த நிலையில் மிகச் சரியாகப் பொருத்தியதே ஓடும்போது பிசகிவிடுகிறது.

பல்லிணைப்பி பெருஞ்சுமை தாங்கும். ஆனால் கிரீஸ் வற்றினாலோ தூசி புகுந்தாலோ பற்கள் தேயும். டயர் வடிவ ரப்பர் இணைப்பி அதிர்வை உள்வாங்கும், வெப்பத்தில் இறுகிவிடும். மெல்லிய எஃகுத் தகடுகளாலான இணைப்பிக்கு மசகு வேண்டா. ஒரு தகட்டுத்தொகுதி கோணத்தை மட்டுமே ஏற்குமாதலின், இடைக்குழல் ஒன்றின் இருமுனையிலும் தொகுதிகளை அமைப்பர். குழல் 200 மி.மீ. நீளமாயின், மேற்கண்ட விலகல் ஒவ்வொரு முனையிலும் 0.07 பாகையளவுச் சாய்வாகச் சுருங்கும்.

விலைப்பட்டியலில் ‘அனுமதிக்கப்பட்ட விலகல்’ எனக் காண்பதைத் தாங்கிகளுக்கும் பொருந்துமெனக் கொள்வது பெருந்தவறு. அது இணைப்பி முறியாதிருப்பதற்கான எல்லையே. வளைந்த இணைப்பி திருப்பித் தள்ளும் விசையைத் தாங்கிகளே சுமக்கின்றன. பந்துத் தாங்கியின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதமாகையால், சுமை 20 விழுக்காடு கூடினால் ஆயுள் ஏறத்தாழ 58 விழுக்காடாகக் குறையும். இவ்விசிறி திடீரென நின்றால் சூளையும் நிற்கும்; சூடான சூளை சுழலாது கிடந்தால் அதன் உடல் வளையும், உட்செங்கல்லும் கெடும்.

எனவே குளிர்நிலையில் விசிறித்தண்டைக் கணக்கிட்ட அளவு தாழ்த்தி வைப்பதே முறை. மோட்டாரின் அடியில் ‘ஷிம்’ தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும், டயல் அளவியால் சரிபார்ப்பர். அதற்குமுன் நான்கு கால்களும் தளத்தில் சமமாகப் படிகின்றனவா என நோக்குதல் வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. ஓட்டத்தை நிறுத்தியவுடன், சூடு ஆறுமுன் மீண்டும் ஒருமுறை அளந்தால், கணக்கிட்ட உயர்வும் மெய்யான உயர்வும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது புலப்படும்.