சர்க்கரை இல்லாதவருக்கு சர்க்கரை மாத்திரையா?
இதய நோயாளிகள் பாதியில் நிறுத்தும் மருந்துகள்!

"எனக்கு சர்க்கரையே கிடையாது. டாக்டர் சர்க்கரை மாத்திரை எழுதியிருக்காரே, சீட்டு மாறிப்போச்சா?"

மருந்துக் கடைகளில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. சிலர் கேட்பதுகூட இல்லை. "நமக்கு எதுக்கு இது?" என்று அந்த மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து! சீட்டு மாறவில்லை. அது இதயத்துக்கான மருந்து.

பம்ப் பலவீனம்

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோனது என்று அர்த்தம் அல்ல. இதயம் ஒரு பம்ப். அதன் பலம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். மாரடைப்பு, ரத்தக் கொதிப்பு, வால்வு கோளாறு, குடிப்பழக்கம் என்று காரணங்கள் பல.

நல்ல இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். எக்கோ பரிசோதனையில் இது 40 சதவீதமோ, அதற்குக் கீழோ இருந்தால் பம்ப் பலவீனம். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கால் வீங்கி செருப்பு இறுகும். படுத்தால் மூச்சு முட்டும்.

நீர் மாத்திரை போதுமா?

இதற்கு டாக்டர்கள் நீர் மாத்திரை கொடுப்பார்கள். புரோசமைடு என்று பெயர். தேங்கிய நீர் சிறுநீராக வெளியேறும். வீக்கம் வடியும். "அப்பாடா!" என்று இருக்கும்.

அதனால் பலர் இதை மட்டும் நம்புகிறார்கள். ஆனால் இது தொல்லையைத்தான் குறைக்கிறது. பலவீனமான இதயத்துக்கு ஆயுளைக் கூட்டுபவை வேறு 4 வகை மருந்துகள். சாப்பிட்டதும் பலன் தெரியாது. சத்தமில்லாமல் வேலை செய்யும்.

அந்த நாலு எவை?

முதல் வகை, ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை. நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் நோய் முற்றிய 253 பேரிடம் எனலாப்ரில் சோதிக்கப்பட்டது. 1987-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர் 6 மாதத்தில் இறந்தனர். எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம்! இப்போது இதற்குப் பதிலாக சாக்குபிட்ரில்-வால்சார்டான் என்ற கூட்டு மாத்திரையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்றது.

இரண்டாவது, மெட்டோபுரோலால், பைசோபுரோலால், கார்வெடிலால். "பலவீன இதயத்துக்கு ஆகாது" என்று டாக்டர்களே ஒரு காலத்தில் ஒதுக்கிய வகை! 1975-ல் சுவீடன் டாக்டர்கள் 7 நோயாளிகளுக்கு இவ்வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேறினார்கள். 1999-ல் இரண்டு பெரிய ஆய்வுகளில் சாவு 34 சதவீதம் குறைந்தது.

மூன்றாவது, ஸ்பைரோனோலாக்டோன். அதே 1999-ல் வந்த ஆய்வில், இது சாவை 30 சதவீதம் குறைத்தது.

நாலாவதுதான் சர்க்கரை மாத்திரை. டபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்று பெயர். 2019-ல் வெளியான ஆய்வில் 4,744 இதய நோயாளிகள் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை வியாதி கிடையாது. அவர்களுக்கும் பலன் கிடைத்தது! 2020-ல் அமெரிக்கா இதை இதய மருந்தாகவும் அனுமதித்தது. அதே ஆண்டில் நம் நாட்டில் டபாகிளிப்ளோசின் காப்புரிமை முடிந்தது. பல கம்பெனிகள் தயாரிக்க, விலை இறங்கியது.

நிறுத்தினால் என்ன ஆகும்?

"இப்போ நல்லாத்தானே இருக்கேன்?" என்று கேட்பவர்களுக்கு லண்டனில் பதில் கிடைத்தது. இதயம் வீங்கிப் பலவீனமாகி, மருந்தால் நன்றாகத் தேறிய 25 பேருக்கு, டாக்டர்கள் கண்காணிப்பில் மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். 6 மாதத்தில் 11 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த 26 பேரில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. 2018-ல் வெளியான முடிவு இது.

கவனம்!

எனலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். இருமல் டானிக் குடித்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். பழைய மாத்திரையையும் கூட்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. இடையில் 36 மணி நேரம் வேண்டும்.

மூட்டு வலிக்கு நீங்களாகவே டைக்ளோபினாக், இபுபுரோபன் வாங்கிப் போடாதீர்கள். உடம்பில் நீர் தேங்கும். சிறுநீரகமும் கெடும்.

இந்த மருந்துகளில் சில, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். டாக்டர் சொல்லும்போது ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தினம் இளநீர் குடிப்பவர்கள் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறையுங்கள்.

காலையில் எழுந்ததும் எடை பாருங்கள். இரண்டு, மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், அது சதை அல்ல, நீர். உடனே டாக்டரிடம் போங்கள்.

தலை சுற்றினாலும், காசு முடையானாலும் அவரிடமே சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், விலை குறைந்த மாத்திரைக்கு மாற்றுவார். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!