590 ரூபாய் பாக்கி

மளிகைக் கடையில் கடன் நோட்டு இருக்கும். யார் என்ன வாங்கினார், எப்போது பணம் கொடுத்தார் என்று கடைக்காரர் அதில் எழுதுவார். பெங்களூர் ஸ்ரீராமபுரம் கடையில் எழுதியது அல்சூர் கடைக்காரருக்குத் தெரியாது. வீடு மாறினால் அந்த நோட்டும் அங்கேயே நின்றுவிடும்.

வங்கிகளுக்கும் இப்படி ஒரு நோட்டு உண்டு. அது நாம் போகும் இடமெல்லாம் கூடவே வரும். எந்த வங்கியில் கடன் கேட்டாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அதற்குக் கடன் ஏடு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்தியாவில் நான்கு கம்பெனிகள் கடன் ஏடு எழுதுகின்றன. சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்பவை அவை. சிபில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலில் வந்ததால் மக்கள் எல்லாவற்றையுமே சிபில் என்கிறார்கள். வனஸ்பதி எதுவானாலும் டால்டா என்று சொன்னோமே, அது போல. இந்தக் கம்பெனிகளுக்கான சட்டம் 2005-இல் வந்தது. கடன் கொடுக்கும் வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் இவற்றுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். குழுவாகச் சேர்ந்து வாங்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் இதில் ஏறும். முன்பு மாதம் ஒரு முறை அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் அது 15 நாளுக்கு ஒரு முறை என்று ஆனது.

ஏட்டைத் திறந்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒரு மாதத்துக்கு ஒரு கட்டம். சிபில் ஏட்டில் 36 மாதம் வரை இருக்கும். கட்டத்தில் மூன்று பூஜ்யம் இருந்தால் நல்லது. அந்த மாதம் பாக்கி இல்லை என்று பொருள். 030 என்று இருந்தால், கடைசி நாள் தாண்டி 30 நாள் ஆகியும் பணம் வரவில்லை என்று பொருள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கட்டத்தில் நாள்தான் எழுதுகிறார்கள். ரூபாய் எழுதுவதில்லை. எவ்வளவு பாக்கி என்பது வேறு இடத்தில் இருக்கும். 590 ரூபாயை 60 நாள் கட்டாமல் விட்டாலும் 060. 59,000 ரூபாயை 60 நாள் கட்டாமல் விட்டாலும் 060. சின்னத் தொகைதானே என்று நாம் விடுகிறோம். கட்டத்துக்கு அது தெரியாது.

ஒருவர் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளக் கணக்கு இருந்த வங்கி அவருக்குக் கிரெடிட் கார்டு கொடுத்தது. முதல் ஆண்டு இலவசம் என்றார்கள். அவர் ஒரு மிக்சி வாங்கினார். அந்தப் பணத்தைக் கட்டிவிட்டார். பிறகு கார்டைப் பீரோவில் வைத்துவிட்டார். வேலையும் மாறியது, வீடும் மாறியது, போன் நம்பரும் மாறியது. வங்கிக்கு இதைச் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு கார்டுக்குக் கட்டணம் 500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய். ஆக 590 ரூபாய். பில் பழைய விலாசத்துக்குப் போனது.

இப்போது அவர் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். நாள்தோறும் வண்டிக்காரருக்கு வாடகை கொடுக்கிறார். சொந்த ஆட்டோ வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார்.

"உங்கள் பேரில் கார்டு பாக்கி இருக்கிறதே" என்கிறார் அதிகாரி.

"அந்தக் கார்டை நான் தொட்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே சார்!"

"தொடாவிட்டாலும் ஆண்டுக் கட்டணம் உண்டு. நீங்கள் கட்டவில்லை. கட்டத்தைப் பாருங்கள். 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போகிறது."

590 ரூபாயும் சும்மா இருக்கவில்லை. தாமதக் கட்டணம் சேர்ந்தது. வட்டி சேர்ந்தது. பல கார்டுகளில் வட்டி மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல். ஊரில் மூன்று வட்டி என்போமே, அதேதான். ஈட்டிக்காரர் கேட்டால் பயப்படுவோம். பளபளப்பான கார்டில் வந்தால் பயம் வருவதில்லை.

ஏட்டில் 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணும் போடுவார்கள். 750-க்கு மேல் இருந்தால் பல வங்கிகள் எளிதாகக் கடன் தரும். குறைந்தால் மறுக்கலாம். அல்லது கூடுதல் வட்டி கேட்கலாம். ஆட்டோக் கடனில் வட்டி ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலும் பல வருஷம் கட்ட வேண்டும். கடனே வாங்காதவருக்கு ஏடு வெறுமையாக இருக்கும். அதை ஒன்றையே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி சொன்ன விதி.

வேறு சில தவறுகளும் அடிக்கடி நடக்கின்றன. கடைசி நாள் சாயங்காலம் பணம் அனுப்புவார்கள். அது வங்கிக்கு மறுநாள் போய்ச் சேரும். சிலர், கணக்கிலிருந்து பணத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்குப் பார்த்துக் கணக்கில் பணம் இருக்காது. இன்னும் சிலர் பில்லில் உள்ள இரண்டு தொகைகளில் குழம்பிவிடுவார்கள். ஒன்று மொத்தத் தொகை. மற்றது குறைந்தபட்சத் தொகை. குறைந்தபட்சத் தொகையைக் கடைசி நாளுக்குள் கட்டினால் ஏட்டில் தாமதம் ஏறாது. ஆனால் மீதிக்கு வட்டி ஓடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையில் கொஞ்சம் குறைத்துக் கட்டினாலோ, அது தாமதக் கணக்குதான்.

கார்டு வைத்திருப்பவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2022-இல் சில விதிகள் கொண்டுவந்தது. கடைசி நாள் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதம் என்று ஏட்டுக்கு அனுப்பலாம். தாமதக் கட்டணமும் அதற்குப் பிறகுதான். கடைசி நாள் 10-ஆம் தேதி என்றால், 13-ஆம் தேதிக்குள் பணம் சேர்ந்துவிட்டால் தப்பித்தோம். 14-ஆம் தேதி ஆகிவிட்டால், 10-ஆம் தேதியிலிருந்தே நாள் எண்ணுவார்கள். ஆகவே மூன்று நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். நடுவில் விடுமுறையும் வரும்.

வேண்டாத கார்டைப் பீரோவில் வைக்காதீர்கள். பாக்கியை அடைத்துவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். மூடாவிட்டால், மூடும்வரை நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கார்டில் பாக்கி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வெட்டி எறிந்தால் கார்டு மூடியதாகாது.

பாக்கி அதிகமாகிவிட்டால், வசூல்காரர் போனில் ஒரு யோசனை சொல்வார். "பாதி கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்பார். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் ஏட்டில் செட்டில்டு என்று எழுதுவார்கள். முழுக்கக் கட்டவில்லை, குறைத்து முடித்தார்கள் என்று அதற்கு அர்த்தம். அடுத்த வங்கி அதைப் பார்த்ததும் யோசிக்கும். முடிந்தால் முழுக்கக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். கட்டிய 30 நாளுக்குள் வங்கி ஏட்டைப் புதுப்பிக்க வேண்டும். பழைய கட்டங்கள் உடனே அழியாது. ஆனால் புதிய கட்டங்களில் பூஜ்யம் விழத் தொடங்கும்.

உங்கள் ஏட்டை நீங்களே பார்க்கலாம். நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ஏட்டை இலவசமாகத் தர வேண்டும். இது 2017 முதல் உள்ள உரிமை. இண்டர்நெட்டில் வாங்க பான் போன்ற ஓர் அடையாள எண்ணும் போன் நம்பரும் வேண்டும். மகனோ மகளோ உதவினால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெயர் சரியா, விலாசம் சரியா, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று படியுங்கள். மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். சரியாக எழுதிய தாமதத்தை யாரும் காசுக்கு அழிக்க முடியாது. போனில் வரும் ஓ.டி.பி. எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஏட்டில் தவறு இருந்தால் அந்தக் கம்பெனிக்கோ வங்கிக்கோ புகார் எழுதலாம். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. இது 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. புகார் எழுதிய தேதியையும் எண்ணையும் குறித்து வையுங்கள். அவை இல்லாமல் மேலே போக முடியாது. 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால், அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை. எப்படி எழுதுவது என்று கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.