பல்லை எண்ணிப் பார்!

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் பழைய ஜீப்புக்கு உதிரி பாகம் இலவசமாகவே கிடைத்தாலும், பல்லை எண்ணாமல் மாட்டக் கூடாது. ஏன் தெரியுமா?

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவின் வில்லீஸ் கம்பெனி ‘எம்.பி.’ என்ற ராணுவ ஜீப்பைத் தயாரித்தது. போர் முடிந்ததும் அதையே சற்று மாற்றி, பண்ணை வேலைக்காக ‘சி.ஜே.-2ஏ’ என்ற ஜீப்பை விற்றது. இரண்டும் அண்ணன் தம்பி போல. ஒன்றின் ஆக்சில் மற்றொன்றில் பெரும்பாலும் பொருந்திவிடும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது!

எஞ்சினின் சுழற்சி, கியர் பெட்டியைக் கடந்து, நீண்ட தண்டுகள் வழியாக முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் போகிறது. ஒவ்வொரு தண்டின் முனையிலும் ‘பினியன்’ என்ற சிறிய பற்சக்கரம் உண்டு. அது ‘கிரவுன்’ என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனுடன் சேர்ந்து வண்டிச் சக்கரங்கள் உருளுகின்றன.

ராணுவ ஜீப்பின் பினியனில் 8 பற்கள், கிரவுனில் 39. எனவே தண்டு 4.88 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். பண்ணை ஜீப்பிலும் பினியனில் 8 பற்கள்தாம்; ஆனால் கிரவுனில் 43. ஆகவே விகிதம் 5.38. வேகம் சற்றுக் குறையும், இழுவிசை கூடும். கலப்பை இழுக்க அதுதானே வேண்டும்!

இனி, ஒரு ஜீப்பின் பின்னால் ராணுவ ஆக்சிலும் முன்னால் பண்ணை ஆக்சிலும் மாட்டியிருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டு தண்டுகளும் 100 முறை சுற்றட்டும். பின்சக்கரம் சுமார் 20½ முறை சுற்றும். முன்சக்கரம் 18½ முறைக்குச் சற்று மேல். சக்கரம் ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 2¼ மீட்டர் தூரம் போகும். அப்படியானால் பின்சக்கரங்கள் 46 மீட்டர் போகப் பார்க்கும்; முன்சக்கரங்களோ 42 மீட்டர்தான்! ஒரே வண்டி இரண்டு தூரம் போக முடியுமா?

சாதாரண ஓட்டத்தில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே சக்தி போவதால், இந்தக் கோளாறு வெளியே தெரியாது. நான்கு சக்கரங்களையும் இயக்கும் லீவரைப் போட்டதும் சண்டை தொடங்கும். சேற்றில் டயர்கள் வழுக்கிச் சமாளித்துக் கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க வழியில்லை. தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறும், டயர் தேயும், கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போட்டாலும் இதே கதைதான்.

எஞ்சினை மாற்றும்போதும் கணக்கு வேண்டும். ராணுவ ஜீப்பின் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 60 குதிரைத் திறன் தந்தது. டாப் கியரில் அந்தச் சுற்றுக்கு மணிக்குச் சுமார் 110 கி.மீ. வேகம் என்று கணக்கு வரும். அதற்குப் பதிலாக 2,000 சுற்றுக்கு மேல் போகாத டீசல் எஞ்சினை வைத்தால்? வேகம் பாதியாகிவிடும். எஞ்சின் நல்லதுதான், கியரும் நல்லதுதான், ஜோடிதான் சரியில்லை.

ஆக்சிலைப் பிரிக்காமலே விகிதத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகளுக்கு ஒரு வழி உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குவார்கள். அதைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுவார்கள். ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88; ஐந்தேகாலைத் தாண்டினால் 5.38. ஒரு சக்கரத்துக்கு ஏன் இரண்டு சுற்று? எதிர்ச் சக்கரம் தரையில் நிற்கும்போது, டிஃபரன்ஷியல் அதன் பங்கையும் தூக்கிய சக்கரத்துக்கே கொடுத்துவிடுகிறது.

ஜீப் இல்லாவிட்டால் என்ன, சைக்கிள் இருக்கிறதே! பெடல் பக்கத்துப் பற்சக்கரத்திலும் பின்சக்கரத்துப் பற்சக்கரத்திலும் பற்களை எண்ணுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பின்சக்கரம் உங்கள் விடையைச் சொல்லும்!