இன்று தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் பெட்டி… தெரியுமா உங்களுக்கு?

நெல்லோ கரும்போ, சித்தூர் மாந்தோப்போ, எந்தப் பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்று உலகம் கணக்குப் போடுவது ஒரு புல்தரையை வைத்துத்தான், தெரியுமா? அதுவும் எந்த ஊரிலும் இல்லாத கற்பனைப் புல்தரை! உயரம் 12 சென்டிமீட்டர். மண் தெரியாமல் அடர்ந்து மூடியிருக்கும். தண்ணீருக்குக் குறைவே கிடையாது. அப்படியொரு புல் இன்றைய வெயிலுக்கும் காற்றுக்கும் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விடும் என்பதுதான் ஆதாரக் கேள்வி. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹோவர்ட் பென்மன் 1948-ல் இதற்கான சமன்பாட்டைப் போட்டார். பின்னால் வந்தவர்கள் அதை வளர்த்தார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1998-ல் அதைச் செப்பனிட்டு உலகத்துக்கே பொது அளவாக்கியது.

அந்தச் சமன்பாடு இப்போது உங்கள் வீட்டு போர்டிகோ சுவரில், ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது! அதுதான் ஸ்மார்ட் ஸ்பிரிங்க்ளர் கன்ட்ரோலர். வைஃபை வழியாக உங்கள் ஊரின் வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நேற்று மண்ணிலிருந்து போனது எவ்வளவு, மழை திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று பாஸ்புக் போல வரவு செலவு எழுதுகிறது. இருப்பு குறைந்தால் மட்டுமே வால்வைத் திறக்கிறது. பழைய டைமருக்கு இதெல்லாம் தெரியாது. காலை 6 மணிக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துவிட்டால், கொட்டுகிற மழையிலும் அது திறந்துவிடும். 2021 நவம்பர் மூன்றாம் வாரத்தை நினைத்துப் பாருங்கள். திருப்பதித் தெருக்களில் வெள்ளம், திருமலை மலைப்பாதைகள் மூடல், ராயலசெருவு ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்த பதற்றம். அந்த வாரத்திலும் ஒரு சாதாரண டைமர் வேளை தவறாமல் புல்லுக்கு நீர் தெளித்திருக்கும்!

இனி நம் வீட்டுக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். ஒரு சென்ட் நிலம் என்பது சுமார் 40 சதுர மீட்டர். கோடையில் சித்தூர், திருப்பதிப் பக்கத்து வெயிலுக்கு அந்தக் கற்பனைப் புல் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் விடும் என்று வைத்துக்கொண்டால் 240 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 16 குடம், ஒரே நாளில், ஒரே ஒரு சென்ட்டுக்கு! ராயலசீமைக் கோடையில் 16 குடம் தண்ணீரின் அருமையை இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அருகம்புல் அவ்வளவு கேட்காது, தெரியுமா? வெயில் நாட்டுப் புல் இனங்களுக்குக் கற்பனைப் புல்லின் கணக்கில் சுமார் 60 சதவீதம் போதும் என்பது கலிஃபோர்னியா தோட்டக்காரர்களே கையாளும் விகிதம். 16 குடம் பத்துக் குடத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உலகமெங்கும் விளையாட்டு மைதானங்களில் பெர்முடா புல் என்று பெயர் சூட்டிப் பராமரிக்கிறார்களே, அதன் மூல இனம் நம் பிள்ளையாருக்குச் சாத்தும் இந்த அருகம்புல்தான்!

பிள்ளையார் என்றதும் காணிப்பாக்கம் நினைவுக்கு வராமல் போகுமா? சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தத் தலத்தின் புராணமே பாசனக் கதைதான். மூன்று சகோதரர்கள், ஒருவருக்குப் பார்வை இல்லை, ஒருவருக்குப் பேச்சில்லை, ஒருவருக்குக் காது கேளாது. ஏற்றம் இறைத்துப் பயிர் செய்த கிணறு வற்றிப்போகிறது. ஆழப்படுத்த இறங்கியவரின் மண்வெட்டி ஒரு கல்லில் படுகிறது. ரத்தம் பெருகுகிறது. மூவர் குறையும் தீர்கிறது. கல்லாகத் தெரிந்தது விநாயகர்! இன்றும் மூலவர் அந்தக் கிணற்றுக்குள், தண்ணீர் சூழத்தான் இருக்கிறார். பாசனத்துக்குத் தண்ணீர் தேடி இறங்கிய இடம் கோயிலாக நிற்கும் மண் இது.

வால்வுக்குள் நடப்பதையும் பார்த்துவிடலாம். கன்ட்ரோலர் அனுப்புவது வெறும் 24 வோல்ட் மின்சாரம். அது குழாய்த் தண்ணீரைத் தள்ளுவதே இல்லை! ஒரு சின்ன ஊசியை மட்டும் தூக்குகிறது. ரப்பர் திரைக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்த தண்ணீர் வடிந்ததும், கீழே காத்திருக்கும் தண்ணீர் தானே திரையைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. மழை சென்சார் இதைவிட எளிமை. நனைந்தால் உப்பும் வில்லைகள், அவ்வளவுதான். உப்பினால் சுவிட்ச் தள்ளப்பட்டு இணைப்பு அறுந்துவிடும், காய்ந்தால் மீண்டும் சேரும். மண் ஈரத்தை அளக்கும் கம்பியோ மின்சாரத்தின் ஒரு ரகசியத்தைப் பயன்படுத்துகிறது. மின்புலத்தில் வைத்தால் மின்னாற்றலைச் சேர்த்துவைக்கும் திறனில் காய்ந்த மண்ணின் அளவு சுமார் 4, தண்ணீரின் அளவு சுமார் 80. இருபது மடங்கு வித்தியாசம்! அதனால்தான் கொஞ்சம் ஈரம் கூடினாலும் கருவிக்குத் தெரிந்துவிடுகிறது.

இதே வேலையை வைஃபை இல்லாமல் செய்யும் கருவி நம் கோயம்புத்தூரில் பிறந்திருக்கிறது. அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி அது. கையில் பிடித்து மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை போதும், ஆரஞ்சு குறைவு, சிவப்பு எரிந்தால் உடனே தண்ணீர் விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் புரியும் கருவி.

சரி, பெட்டிக்கு வானிலை எங்கிருந்து வருகிறது? திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் காதங்கி என்று ஒரு ஊர். கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ, அங்கே இருப்பது விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம்! 32 வரிசைக்கு 32 என்று 1,024 யாகி ஆன்டெனா நிலைகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மொட்டை மாடியில் தூர்தர்ஷனுக்குக் கட்டிவைத்தோமே, அதே குடும்பத்து ஆன்டெனாதான். 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இந்த ரேடார், துளி மேகமில்லாத வெட்டவெளி வானத்திலும் காற்று எந்த உயரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்துவிடும். கண்ணுக்கு எதுவுமே தெரியாத வானத்தில்! இந்த ரேடார் உங்கள் தோட்டத்துக்கு நேராகச் செய்தி அனுப்புவதில்லை. ஆனால் வெப்பமண்டல மழையும் காற்றும் எப்படி உருவாகின்றன என்பதை 1990-களிலிருந்து விடாமல் படித்துக்கொண்டிருக்கும் இடம், உங்கள் பேருந்து கடந்து போகும் அந்தச் சாலையோரம்தான்.

இன்னொன்றும் உண்டு. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது ஸ்ரீஹரிகோட்டாவும் அதற்குள் வந்துவிட்டது. 2024 பிப்ரவரி 17 அன்று அங்கிருந்து ஜி.எஸ்.எல்.வி. ஏறிப்போன இன்சாட்-3டி.எஸ். வானிலைக்கான செயற்கைக்கோள். அதன் படங்கள் இந்திய வானிலைத் துறையின் முன்னறிவிப்புக்குப் போகின்றன. திருப்பதி மாவட்டத்திலிருந்து மேலே போன கண், திருப்பதி வீட்டுப் புல்லுக்கு மழை வருமா என்று பார்த்துச் சொல்கிறது!

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. சேஷாசலம் மலை நிற்கும் ஊரில் மேலே கொட்டும் மழை கீழே ஒரு துளி விழாமல் போகலாம். இணையத்தின் வானிலை ஊருக்குப் பொதுவானது, உங்கள் காம்பவுண்டுக்கு அல்ல. ஆகவே சில நூறு மீட்டர்களில் மாறும் இந்த மழைக்கு, சொந்த மாடியில் வைத்த மழை சென்சார்தான் நம்பகமான சாட்சி.

திருமலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் என்பது பக்தியின் ஒரு அங்கமாகவே இருந்திருக்கிறது, தெரியுமா? ராமானுஜரின் சொல்லை ஏற்று மலையேறிய அனந்தாழ்வான், பெருமாளுக்கு நந்தவனம் வைத்து, அதற்குத் தண்ணீர் தேங்க ஏரி வெட்டினார். கர்ப்பிணி மனைவி மண் சுமக்க, உதவிக்குச் சிறுவனாக வந்தவர் பெருமாள்தான் என்று அறியாமல் கோபத்தில் அவர் கடப்பாரையை வீச, அது பெருமாளின் மோவாயில் பட்டது என்பது தலவரலாறு. அந்த மோவாய்க்குத்தான் இன்றும் பச்சைக் கற்பூரம். மகாதுவாரத்தில் நுழையும்போது சுவரில் தொங்கும் கடப்பாரையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். ஒரு பூந்தோட்டத்துக்கு நீர் சேர்க்க மண் தோண்டிய கடப்பாரை அது!

இதைவிட என்னைப் பிரமிக்க வைப்பது கல்வெட்டுகள். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. விஜயநகர காலத்தில் பக்தர்கள் நைவேத்தியத்துக்கென்று கோயிலில் பணம் கட்டுவார்கள். கோயில் அதைப் பூட்டி வைக்கவில்லை! தன் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் போட்டது. தண்ணீர் வந்தது, விளைச்சல் கூடியது, கூடிய விளைச்சலில் கட்டளை ஆண்டுதோறும் நடந்தது. பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. அதற்கு விட்டவன் விழுக்காடு என்றே பெயர். பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960-ல் இதை எழுதியபோது, கோயில் என்பது பாசன முதலீட்டு நிறுவனமாகவும் இயங்கியது என்பதை உலகம் கவனித்தது. தண்ணீரில் போட்ட காசு திரும்பி வரும் என்பதை இந்த ஊர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்துவிட்டது.

நவீனப் பாசனமும் இங்கே புதிதல்ல. சொட்டுநீருக்கும் தெளிப்புநீருக்குமென்று ஆந்திர அரசு தனித் திட்டம் தொடங்கியது 2003 நவம்பரில். 2016-ல் வாடிய நிலக்கடலையைக் காப்பாற்ற சித்தூர் உட்பட ராயலசீமை மாவட்டங்களில் ரெயின் கன் என்ற பெரிய தெளிப்பான்களை இறக்கினார்கள். புனேயிலிருந்து வந்த நானோ கணேஷ் என்ற கருவியோ, வீட்டிலிருந்தபடி செல்போனிலேயே வயல் மோட்டாரைப் போட வைத்தது. ராத்திரி மின்சாரம் வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்த விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

இப்போது நம்ப முடியாத ஒரு தகவல். ஸ்மார்ட் கன்ட்ரோலர் வைத்தால் தண்ணீர் மிச்சம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? கலிஃபோர்னியாவில் 2,294 இடங்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான அறிக்கை, சராசரி மிச்சம் சுமார் 6 சதவீதம்தான் என்றது. பத்தில் நான்கு இடங்களில் செலவு கூடியே போயிருந்தது! காரணம் எளிது. அதுவரை சிக்கனமாக, புல் கேட்பதைவிடக் குறைவாகவே விட்டுக்கொண்டிருந்தவர்களின் தோட்டத்தில், பெட்டி கணக்குப்படி முழுதாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதிகம் கொட்டியவர்கள் வீட்டில்தான் மிச்சம். சித்தூர், திருப்பதி வீடுகளில் பலரும் அந்தச் சிக்கன வகை என்றே நினைக்கிறேன். ஆகவே என் தீர்ப்பு இது: இந்தப் பக்கத்தில் இந்தப் பெட்டியை வாங்குகிறவர்கள், அது சொல்லும் அளவில் சதவீதத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அருகம்புல் கொஞ்சம் வெளுத்தாலும் சாகாது, முதல் மழைக்கே துளிர்த்துவிடும்.

வாங்கும் முன் மாடித் தொட்டியின் உயரத்தையும் பாருங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பது ஒரு பார் அழுத்தம். தெளிப்பான் தலைக்குச் சுமார் இரண்டு பார் வேண்டும். ஒரு மாடி வீட்டுத் தொட்டியை நம்பினால் தண்ணீர் தெளிக்காது, வழியும். பிரஷர் பம்ப் வேண்டும், அல்லது செடிகளுக்குச் சொட்டுநீர் போதும் என்று முடிவு செய்யலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டியோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகிவிடாதீர்கள். போர்வெல் நீரில் உப்பு அதிகமென்றால் நாசில் அடைபடும், வடிகட்டி கட்டாயம். தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் ஓடாதபடி நீர்மட்ட சுவிட்சும் வையுங்கள். நேரம், விடியலுக்கு முன். காற்று அடங்கியிருக்கும், வெயில் குடிக்காது.

திருப்பதி நகரம் கல்யாணி அணையையும் தெலுங்கு கங்கைக் கால்வாயையும் நம்பியிருக்கிறது. அதே தெலுங்கு கங்கைத் தண்ணீர்தான் கண்டலேறு வழியாக ஊத்துக்கோட்டை கடந்து சென்னைக்கும் வருகிறது. திருப்பதியில் புல்லில் வழிந்தோடும் தண்ணீரிலும் சென்னைக்காரர் குடத்தில் பிடிக்கும் தண்ணீரிலும் அதே கிருஷ்ணா நதியின் பங்கு உண்டு!

ஆகவே எந்தப் பெட்டியும் வாங்கும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். நேர்ச்சுவர் கொண்ட ஒரே மாதிரி டப்பாக்கள் ஐந்தாறைப் புல்தரையில் பரவலாக வையுங்கள். தெளிப்பானைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிள்ளைகளின் ஸ்கேலை டப்பாவில் நிறுத்தி எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 5 மில்லிமீட்டர் இருந்தால், மேலே போட்ட 6 மில்லிமீட்டர் கோடைக் கணக்கில் அருகம்புல்லுக்கு ஒரு நாளைக்குப் பதினொரு நிமிடம் போதும். அதற்கு மேல் நீங்கள் இதுவரை ஓடவிட்ட ஒவ்வொரு நிமிடத்தையும் இன்றே நிறுத்தலாம்.